பினாங்கு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள்

சிங்கப்பூரிலிருந்து கப்பலில் போய்வந்த நாள் முதல், எங்கள் கொடைக்கானல் ஏரிச் சாலையில் நடக்கும்போதெல்லாம் யாராவது நிறுத்திக் கேட்கிறார்கள். பினாங்கு எப்படி? பூக்கெட் எப்படி? கப்பலைப் பற்றிக் கேளுங்கள், உட்கார வைத்து அரை நாள் சொல்கிறேன். சாப்பாட்டுக் கூடம், நீச்சல் குளம், நடு இரவில் தோசை வார்த்துக் கொடுத்த சமையல்காரர் என்று எல்லாம் நினைவில் இருக்கிறது. ஊர்களைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். அந்த ஊர்களின் ஓரத்தில் எங்களைச் சற்று நேரம் நிறுத்தி வைத்துத் திரும்ப ஏற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அட்டவணையில் அழகாகத்தான் இருந்தது. பினாங்கு, பிற்பகல் 1 மணி முதல் இரவு 8 மணி வரை. டிக்கெட் எடுத்தவர் திண்டுக்கல்லில் இருக்கும் என் மச்சான். "ஏழு மணி நேரம் போதாதா மாப்பிள்ளை? பினாங்கு என்ன சென்னையா?" என்றார். காகிதத்தில் பார்த்தால் போதும்தான். ஆனால் அந்த 1 மணி என்பது கப்பலைக் கயிறு போட்டுக் கட்டுகிற நேரம். அதன்பிறகு துறைமுக அதிகாரிகளின் அனுமதி வர வேண்டும். வந்ததும், கப்பல் நிறுவனமே விற்கும் கரைச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியவர்களை முதலில் இறக்குவார்கள். சொந்தமாகச் சுற்ற நினைப்பவர்கள் எண் எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அரங்கத்தில் காத்திருக்க வேண்டும். நாங்கள் மண்ணில் கால் வைத்தபோது இரண்டே கால் தாண்டியிருந்தது. மறுமுனையிலும் இதே கதை. கப்பல் கிளம்புவது 8 மணி என்றால் கடைசியாக ஏற வேண்டிய நேரம் 7 மணி. தெரியாத ஊரின் மாலை நேர நெரிசலை நம்பி யாரும் அந்த 7 மணியைத் தொட்டுப் பார்க்கத் துணிய மாட்டார்கள். ஆறரைக்கே வாசலில் நிற்போம். ஆக, ஏழு மணி நேரத்தில் கைக்கு வந்தது நான்கு. சீட்டுப் பிடிக்கிறவர்கள்கூட இவ்வளவு கழிவு எடுப்பதில்லை.

இத்தனைக்கும் பினாங்கு நல்ல துறைமுகம் என்றுதான் சொல்ல வேண்டும். கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து பழைய ஜார்ஜ் டவுனுக்கு நடந்தே போகலாம். 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நகரம் அது. குயின் தெருவில் 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயில், அதைச் சுற்றித் தமிழ்க் கடைகள். எனக்கு ஆசையெல்லாம் பினாங்கு மலை மேல்தான். நம் கொடைக்கானலைப் போலவே, சமவெளி வெக்கைக்குப் பயந்த வெள்ளைக்காரர்கள் ஏறிக் குடியேறிய மலை அது. 1923-லேயே இழுவை ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. நம் ஊருக்கு இன்றுவரை மலை ரயில் கிடையாது என்ற பொறாமை எனக்கு உண்டு, அதையாவது ஏறிப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். என் மனைவிக்கோ தண்ணீர்மலை முருகனைப் பார்த்தே ஆக வேண்டும். மலேசியத் தமிழர்கள் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துப் போகிற கோயில். பழனி அடிவாரத்தில் பிறந்தவரிடம் இதில் வாதாட முடியுமா? இரண்டில் ஒன்றுதான் என்று டாக்சிக்காரரும் சொல்லிவிட்டார். முருகன் வென்றார். ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகளை மூச்சு வாங்க ஏறினோம். தீபாராதனைத் தட்டு எங்கள் பக்கம் வருவதற்குள் மச்சானின் கைபேசியில் அலாரம் அடித்தது. கப்பலுக்குத் திரும்புவதற்காக அவர் வைத்திருந்த அலாரம்.

பூக்கெட்டில் இதுவும் இல்லை. படோங் கடற்கரைக்கு எதிரே நடுக்கடலில் நங்கூரம் போட்டுவிட்டு, சிறு படகுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரை சேர்த்தார்கள். போவதற்கு ஒரு வரிசை, வருவதற்கு அதைவிட நீளமான வரிசை. இடையில் ஓர் இளநீர் குடித்தோம்.

கடல்தூரம் அப்படி, என்ன செய்வது என்று நானும் முதலில் நினைத்தேன். சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்குக் கப்பலில் இருபது மணி நேரம் போல ஆகும். முதல்நாள் மாலை கிளம்பினால் மறுநாள் மதியம்தான் வர முடியும், நியாயம். ஆனால் கிளம்பும் நேரத்துக்கு இந்தச் சாக்கு செல்லாது. பினாங்கிலிருந்து பூக்கெட் ஓர் இரவுப் பயணம். இரவு 11 மணிக்குக் கிளம்பினால் என்ன குறைந்துவிடும்? குறையும். அது யாருக்கு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது சூதாட்டக் கூடத்தையும் வரியில்லாக் கடைகளையும் பொதுவாகத் திறக்க முடியாது, உள்ளூர்ச் சட்டங்கள் இடம் தராது. கடலுக்குள் போன பிறகுதான் கல்லா திறக்கும். பயணிகள் கரையில் சாப்பிட்டால் கப்பல் மதுக்கூடத்துக்கு வருமானம் இல்லை. பல துறைமுகங்களில் நிற்கும் நேரத்தையும் சேர்த்துக் கட்டணம் போடுகிறார்கள். எரிபொருள் கணக்கு தனி. கப்பலின் வேகம் கூடக்கூடத் தேவைப்படும் சக்தி ஏறத்தாழ வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். பத்து சதவீதம் மெதுவாகப் போனால் இயந்திரத்தின் சுமை கால்பங்குக்கு மேல் குறைந்துவிடும். சீக்கிரம் கிளம்பி, இரவெல்லாம் நிதானமாக மிதந்து போவது அவர்களுக்கு லாபம். வணிகம் செய்பவர்கள் லாபம் பார்ப்பதில் எனக்குக் கோபம் இல்லை. விளம்பரத்தில் பினாங்குப் படத்தைப் போட்டு விற்றுவிட்டுப் பினாங்கைக் காட்டாமல் விடுவதில்தான் கோபம்.

சட்டத்துக்காகவே நிற்கும் நிறுத்தங்களும் உண்டு. அமெரிக்காவில் 1886-இல் போட்ட ஒரு சட்டப்படி, வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே பயணிகளைச் சுற்றிக்காட்டி முடித்துவிட முடியாது, நடுவில் ஒரு வெளிநாட்டைத் தொட வேண்டும். சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போய்வரும் கப்பல்கள் பல, கனடாவின் விக்டோரியாவை அந்திக்குப் பிறகு தொட்டுவிட்டு நள்ளிரவுக்குள் கிளம்பிவிடுவது இதனால்தான். தோட்டங்களுக்குப் பெயர்போன ஊரை இருட்டில் காட்டுகிறார்கள். பயணிகளின் பட்டியலில் அதுவும் ஒரு நாடு என்று ஏறிவிடும்.

இப்போது மச்சானுக்கு மத்தியதரைக் கடல் ஆசை வந்திருக்கிறது. அனுப்பி வைத்திருக்கும் அட்டவணையில் ரோம் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. கப்பல் நிற்கப்போவது சிவிட்டவெக்கியாவில், ரோமுக்கு அங்கிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல். ஃப்ளாரன்ஸ் என்றால் லிவோர்னோ, அது 80-க்கும் மேல். வேறு பயணங்களில் பாரிஸ் என்று போட்டு லே ஆவ்ரில் நிறுத்துவார்கள், சுமார் 200 கிலோமீட்டர். பெர்லின் என்று எழுதி வார்னமுண்டேயில் இறக்கிவிடுவது இன்னும் தூரம். கப்பல் நிற்கும் நேரத்தில் பஸ்ஸில் உட்காரும் நேரத்தைக் கழித்துப் பாருங்கள். இது நமக்குப் புதிதா என்ன? கொடைக்கானல் ரோடு ரயில் நிலையத்தில் விடியற்காலையில் பெட்டியோடு இறங்கி, "ஏரி எந்தப் பக்கம்?" என்று கேட்பவர்களை எத்தனை முறை பார்த்திருக்கிறோம். இன்னும் 80 கிலோமீட்டர் மலை ஏற வேண்டும் என்றதும் அவர்கள் முகம் போகும் போக்கு! ரயில்வே அந்த நிலையத்தைக் கொடைக்கானல் என்று சொல்லி விற்பதில்லை, அந்த அளவுக்கு அவர்கள் தேவலாம்.

நான் நாயுடுபுரத்தில் சிறிய விடுதி ஒன்று நடத்துகிறேன். எனவே இந்த விஷயத்தில் மறுபக்கத்தில் நின்றும் பேச முடியும். கரையில் நிற்கிறவனின் பக்கம். மதுரையிலிருந்து இருட்டோடு கிளம்பும் வேன் பத்து மணிக்கு மேல் வெள்ளி நீர்வீழ்ச்சியில் நிற்கும். அங்கே படம். பிறகு மூஞ்சிக்கல் நெரிசலில் முக்கால் மணி நேரம். ஏரியில் ஒரு சுற்று, கோக்கர்ஸ் வாக், பைன் காடு, குணா குகை, தூண் பாறை, சாக்லேட் கடை, மாலைக்குள் மலை இறங்கிவிட வேண்டும். தூண் பாறையில் பெரும்பாலும் மூடுபனிதான் இருக்கும். பனி வேனின் நேரத்தைக் கேட்டுக்கொண்டு விலகாது. பத்து நிமிடம் வெண்திரையைப் பார்த்துவிட்டு, அதன் முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு, "ஒன்றுமே இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். மூன்று நாள் தங்குபவர் அதே இடத்துக்கு மறுநாள் காலை போவார், நானூறு அடிப் பாறைகள் வெயிலில் நிற்பதைப் பார்ப்பார். பூம்பாறைக்குப் போகிற அவசரக்காரர்களும் சாலையோரக் காட்சி முனையில் இறங்கி, கீழே தெரியும் படிக்கட்டு வயல்களைப் படம் பிடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஊருக்குள் இறங்கிக் குழந்தை வேலப்பரைப் பார்ப்பதில்லை, மலைப்பூண்டு விற்கும் பாட்டியிடம் நான்கு வார்த்தை பேசுவதில்லை. பேசியிருந்தால் பூண்டை எப்படிக் கட்டித் தொங்கவிட்டுப் பக்குவப்படுத்துவது என்று அவரே சொல்லிக் கொடுத்திருப்பார்.

அவர்களைக் குறை சொல்லவில்லை. பலருக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். ஆனால் ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் போகும் கூட்டத்துக்கு ஏற்றபடி ஊரும் மாறிவிடுகிறது. ஐந்து நிமிடத்தில் விற்கக்கூடியதை மட்டுமே கடையில் வைக்கிறார்கள். ஜார்ஜ் டவுனில் கப்பல் நிற்கும் நாளின் தெருவைப் பார்த்தபோது மூஞ்சிக்கல்தான் நினைவுக்கு வந்தது. அந்தக் கூட்டத்துக்குள் இந்த முறை நான் நின்றிருந்தேன்.

குரோஷியாவில் துப்ரோவ்னிக் நகரம் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு கப்பல்களுக்கு மேல் கூடாது, வருகிற கப்பல் குறைந்தது எட்டு மணி நேரமாவது நிற்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். முதல் பாதி எல்லோருக்கும் தோன்றும். இரண்டாம் பாதியில்தான் மூளை இருக்கிறது. நம் ஊருக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ், அதாவது மலை ஏறும் வண்டிகளுக்கு முன்கூட்டியே வாங்க வேண்டிய அனுமதிச் சீட்டு, வந்தது. 2025 கோடையில் உயர் நீதிமன்றம் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் போட்டது. வேண்டிய ஏற்பாடுதான். ஆனால் எண்ணுவது வண்டிகளைத்தான். காலையில் ஏறி மாலையில் இறங்கும் வண்டியும், நான்கு நாள் நின்று மன்னவனூர்வரை மெதுவாகப் போய்வரும் வண்டியும் அந்தக் கணக்கில் ஒன்று. தங்கப்போகிறவருக்கு முன்னுரிமை கொடுத்தால் சாலையும் மூச்சுவிடும், ஊரும் பிழைக்கும். (விடுதிக்காரன் இப்படித்தான் சொல்வான் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. நினைத்துக்கொள்ளுங்கள்.)

கப்பலே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. எங்கள் அத்தைக்கு, அதாவது மனைவியின் அம்மாவுக்கு, முழங்கால் வலி. ஒரு முறை பெட்டியைத் திறந்து அடுக்கினால் இறங்கும்வரை தூக்க வேண்டியதில்லை, எங்கும் லிஃப்ட், நேரத்துக்குச் சாப்பாடு. இரண்டு துறைமுகத்திலும் அவர் இறங்கவே இல்லை. மேல்தளத்தில் நாற்காலி போட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டே சஷ்டிக் கவசம் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் குழுவில் கொடுத்த காசுக்கு முழுப் பலன் பெற்றவர் அவர் ஒருவர்தான். கப்பலுக்காகக் கப்பலில் போகிறவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஊர் பார்க்கப் போகிறவர்களுக்குத்தான் இந்த ஏமாற்றம். துறைமுகங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒன்றிரண்டில் இரவும் தங்குகிற கப்பல்கள் உலகத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. செய்ய முடியாத காரியம் இல்லை. ஆனால் ஐந்து ஊர் என்று அச்சடித்தால் விற்பதும், இரண்டு ஊர் என்றால் "இவ்வளவுதானா?" என்று நாமே முகம் சுளிப்பதும் நடக்கும்வரை அவர்களுக்கு மாற வேண்டிய அவசியம் வராது. வந்தவுடன் நம்மை எத்தனை நாடு பார்த்தாய் என்றுதானே கேட்கிறார்கள்?

மச்சான் இதைப் படிப்பார் என்று தெரியும். மச்சான், முன்பணம் கட்டுவதற்கு முன்னால் முகவரிடம் இதையெல்லாம் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு துறைமுகத்திலும் கடைசியாகக் கப்பலில் ஏற வேண்டிய நேரம் எது, கப்பல் துறையில் கட்டப்படுமா அல்லது படகில் இறங்க வேண்டுமா, நிற்கும் இடத்திலிருந்து ஊர் எத்தனை கிலோமீட்டர். சிவிட்டவெக்கியாவில் காலை 7 மணிக்கு வந்து மாலை 7 மணிக்குக் கிளம்புவதாக இருந்தால்கூடச் சரி, யோசிக்கலாம். லிவோர்னோவில் ஓர் இரவு நிற்கும் என்றால் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்தே போடுங்கள். இல்லையென்றால் அத்தையை நீங்கள் கப்பலில் கூட்டிக்கொண்டு வாருங்கள், நாங்கள் ரோமில் அறை எடுத்து ரயிலில் ஃப்ளாரன்ஸ் போய்வருகிறோம். கப்பல் வரும் நாளில் துறைமுகத்துக்கு வந்து அத்தையைப் பார்த்துக்கொள்கிறோம்.