ஏரிக்கரைக் காம்பும் ஒரு போத்தல் தண்ணீரும்

போன ஞாயிறு ஒரு பிறந்தநாள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு நின்றபோது தெரிந்த தம்பி ஒருவர் பக்கத்தில் வந்து கேட்டார்: "அக்கா, நீங்கள் உங்கட பிள்ளையளை ரெண்டு கிழமை தனியக் காட்டுக்குள்ள விட்டனீங்களாமே, உண்மையோ?" கேட்ட விதத்தில் நான் கைகேயி ஆகிவிட்டேன். "உண்மைதான், அதுக்குக் காசும் கட்டினனான்" என்றேன். அவருடைய மகளுக்கு ஒன்பது வயது. ஜூலை முழுக்கக் கணக்கு வகுப்பாம், ஆகஸ்டில் வயலினும் நடனமுமாம். ரோல்ஸைக் கடித்தபடி அவருக்கு முழுதாகச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

2010ஆம் ஆண்டு. மகளுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். பிள்ளைகளுக்கான கோடைக் காம்பாம். கனடாவில், எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தின் ஹலிபேர்ட்டன் பக்கம் ஓர் ஏரிக்கரை, இரண்டு கிழமை, இரவும் அங்கேதான். வகுப்புச் சிநேகிதி ஒருத்தி போகிறாளாம், தானும் போக வேண்டுமாம். அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் அம்மா தலையை நிமிர்த்தினார்.

"என்ன, காம்புக்கோ? ஆர் பிடிச்சுக்கொண்டு போறது?"

எங்கள் வீட்டில் அது சிரிக்கிற கேள்வி இல்லை. எங்கள் ஆட்களின் வாயில் காம்ப் என்றால் இரண்டுதான்: ஆமிக் காம்ப், அகதிக் காம்ப். 2009 மே மாதத்துக்குப் பிறகு எங்கள் வீட்டு ரீவியில் வந்ததெல்லாம், போர் முடிந்து எங்கள் சனத்தை அடைத்து வைத்த மெனிக் பாம் முகாமும் முள்ளுக்கம்பியும். அம்மாவின் தங்கை குடும்பம் அதற்குள்தான் இருந்தது. அப்படியான நேரத்தில் ஒரு பிள்ளை வந்து, தன்னைக் காம்புக்கு விடச் சொல்லிக் காலைப் பிடித்து அழுகிறது. "அங்க ஆமி இல்லை அம்மா, குளம்தான் இருக்கு" என்றேன். "குளமோ? பிள்ளைக்கு நீந்தத் தெரியுமோ?" என்றார். தெரியாது. எனக்கும் தெரியாது. என் அண்ணர் ரெலிபோனில் சொன்னது இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் ஓடும் பகிடி: "நாங்கள் காசு குடுத்துக் காட்டால தப்பி வந்தனாங்கள். நீ காசு குடுத்துப் பிள்ளையைக் காட்டுக்கு அனுப்புறாய்."

ஏன் ஒப்புக்கொண்டேன் என்று கேட்டால் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. நானும் கணவரும் இரண்டு வேலை. பள்ளிக்கூடம் ஜூன் முடிவில் பூட்டினால் செப்டெம்பரில்தான் திறக்கும். அந்த இரண்டு மாதத்தில் இரண்டு கிழமை குறைந்தால் லாபம் என்று நினைத்தேன். கட்டணத்தில் பாதிக்கு மேல் உதவித் திட்டம் ஒன்று கொடுத்தது. இந்த ஊரில் அது புது விஷயம் இல்லை. ரொறன்ரோ ஸ்ரார் பத்திரிகை, நகரத்து ஏழைப் பிள்ளைகளை வெக்கையிலிருந்து வெளியே அனுப்பவென்று ஃபிரெஷ் எயார் ஃபண்ட் தொடங்கியது 1901இல். பணக்காரர் கதை வேறு. அல்கொன்குயின் பூங்காவில் கனூ லேக் ஏரிக்கரையில் 1921இல் தொடங்கிய அஹ்மெக் காம்புக்குத்தான், பின்னாளில் கனடாப் பிரதமரான பியர் ட்ரூடோ பெடியனாக இருந்தபோது போனார். பிரதமர் வீட்டுப் பிள்ளைகளும் மாடிக்குடியிருப்புப் பிள்ளைகளும் ஒரே மாதிரி நுளம்புக்கடி வாங்கிக்கொண்டு திரும்பும் வழக்கம் இங்கே நூறு வருடமாக இருக்கிறது. நாங்கள்தான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

பஸ் போன நாலாம் நாள் காம்பிலிருந்து அழைப்பு. இலக்கத்தைக் கண்டதும் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எடுத்தால் ஒரு பிள்ளையின் குரல், அவளுக்கு மிஞ்சிப்போனால் பத்தொன்பது வயது இருக்கும். "உங்கள் மகள் நன்றாக இருக்கிறாள். அவளுடைய தலையணை உறைக்குள் ஒரு பொதி இருந்தது. அதில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல முடியுமா?" நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அம்மா யன்னலைப் பார்த்தார். மிக்சர்! பிள்ளை பட்டினி கிடக்கும் என்று அரைக் கிலோ மிக்சரை உறைக்குள் வைத்துத் தைத்தே அனுப்பியிருக்கிறார். கச்சான் ஒவ்வாத பிள்ளைகள் இருப்பார்கள் என்று அங்கே கச்சான் அறவே கூடாது. கபினுக்குள் எந்தச் சாப்பாடும் வைக்கக் கூடாது, எலி வரும், கரடியும் வரும். இதை நான் தமிழில் சொல்லி முடிக்குமுன் அம்மா எழும்பிவிட்டார். "கரடியோ!" அதற்குப் பிறகு மிச்சப் பத்து நாளும் எனக்குத்தான் காம்ப்.

அங்கே ரெலிபோன் கொடுக்க மாட்டார்கள், கடிதம்தான். மகள் எங்களுக்கு எழுதியதில் நாலு வரி, அதிலும் இரண்டு சொக்ஸ் பற்றியது. அம்மம்மாவுக்குத் தனியாகத் தமிழில் எழுதியிருந்தாள். சனிக்கிழமை வகுப்புத் தமிழ், குறிலும் நெடிலும் தங்கள் பாட்டுக்குத் திரியும். "அம்மம்மா நான் சுகம். குளம் பெரிசு. ரவையில ஒரு பறவை அழும். எனக்கு பயம் இல்லை. மிச்சர் குடுத்திட்டன்." என்ன பறவை அது என்று அம்மா விடாமல் கேட்டார். கைப்பையைத் திறந்து ஒரு டொலர்க் குத்தியை எடுத்துக் காட்டினேன். 1987இலிருந்து அதில் இருப்பது அந்த லூன் பறவைதானே. பத்து வருடமாக அம்மா அந்தக் குத்தியைக் கோயில் உண்டியலில் போட்டுக்கொண்டிருக்கிறார், குருவியை ஒருநாளும் பார்த்ததில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "இதுதானோ அழுறது?" பிறகு அதைத் தேவாரப் புத்தகத்துக்குள் கடிதத்தோடு வைத்துவிட்டார். அந்தக் குத்தி திரும்ப வரவே இல்லை.

நீச்சல் விஷயத்தைப் பயப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். முதல் நாளே தண்ணீரில் இறக்கிப் பார்ப்பார்கள். மகள் தேறவில்லை. கையில் சிவப்புப் பட்டி கட்டிவிட்டார்கள், இடுப்பளவு தண்ணீருக்கு அப்பால் போகக் கூடாது. ஆளுக்கொரு கூட்டாளி. விசில் ஊதினால் இரண்டு பேரும் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்ட வேண்டும், எண்ணிப் பார்த்த பிறகுதான் மறுபடி விளையாட்டு. கனூ என்ற சின்ன வள்ளத்தில் ஏற லைஃப் ஜாக்கெட் இல்லாமல் முடியாது. ஸ்காபரோவில் நாங்கள் குடும்பமாக ஏரிக்கரைக்குப் போய், பெரிய ஆட்கள் கொத்துரொட்டியில் மும்முரமாக இருக்க, பிள்ளைகளைக் கரையில் விட்டுவிட்டு இருக்கிறோமே, அதைவிட அது எவ்வளவோ பாதுகாப்பு. மூன்றாவது கோடையில் அவள் அந்த ஏரியைக் குறுக்கே நீந்தினாள், பக்கத்தில் ஒரு வள்ளம் வர.

மகன் கதை வேறு. அவன் போன முதல் மூன்று இரவும் அழுதான். நாலாம் நாள் தவளை பிடித்தான். அதன் பிறகு வீட்டுக்கு வரத்தான் அழுதான்.

எல்லாம் நல்லது என்று சொல்ல வரவில்லை. பழைய காம்புகள் பலவற்றில் பூர்வகுடிகளின் பெயரை வைத்துக்கொண்டு, இறகுத் தொப்பி போட்டு, நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து 'இந்தியர்' விளையாட்டு விளையாடியிருக்கிறார்கள். அதே காலத்தில் அந்த மக்களின் உண்மையான பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து வதிவிடப் பள்ளிகளில் அடைத்தது இந்த நாடு. கடைசிப் பள்ளி பூட்டுப்பட 1990களின் பிற்பகுதி ஆகிவிட்டது. பிள்ளையை ஆர் பிடித்துக்கொண்டு போகிறது என்ற அம்மாவின் கேள்வி இந்த மண்ணிலும் கேட்கப்பட்ட கேள்விதான். ஏரிக்கரையில் நிற்கும்போது எனக்கு அது ஞாபகம் வராமல் இருந்ததில்லை.

ஆனாலும் அனுப்புங்கள் என்றுதான் சொல்வேன். காரணம் இதுதான். எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவரும் எங்கள் ஏதோ ஒரு கணக்குக்குப் பதில். நாங்கள் படிக்காத படிப்பு, விட்டு வந்த வீடு, செத்துப்போன அண்ணன், எல்லாம் அந்தச் சின்ன முதுகில்தான் ஏறுகிறது. அந்த இரண்டு கிழமை அவள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவேண்டியதில்லை. மழை ஈரத்தில் பேர்ச் மரப்பட்டை உரித்து நெருப்பு மூட்டினாள், கனூவைத் தலையில் தூக்கிக்கொண்டு அடுத்த ஏரிக்கு நடந்தாள், ஒன்றுக்கும் உதவாத பாட்டுகளைக் கத்திப் பாடினாள். புள்ளி போட ஒருவரும் இல்லை. கணக்கு வகுப்பு ஓடிப் போகாது தம்பி.

சரி, அவளைக் கூட்டிவரப் போன நாள். 2010 ஆகஸ்ட் 14, சனிக்கிழமை. அம்மாவும் வருவேன் என்று காரில் ஏறிவிட்டார். லிண்ட்சே தாண்டி 35ஆம் இலக்க வீதியில் போகும்போது ரேடியோவில் ஒரே செய்தி. முதல் நாள்தான் சன் சீ என்ற அகதிக் கப்பல் எங்கள் ஆட்கள் 492 பேரோடு பிரிட்டிஷ் கொலம்பியாவில் கரை சேர்ந்திருந்தது. ஆட்களை எங்கே கொண்டுபோய் அடைப்பார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் விளங்காது, 'தமிழ்' என்ற சொல் விளங்கும். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு, "அதை நிப்பாட்டு பிள்ளை" என்றார். வீதியின் இரண்டு பக்கமும் கரும்பாறைகள் வரத் தொடங்கியிருந்தன.

மகள் ஓடி வந்தாள். தொண்டை கட்டியிருந்தது, கால் முழுக்க நுளம்புத் தழும்பு, தலைமுடி குருவிக்கூடு. அம்மம்மாவின் கையைப் பிடித்து மரப்பாலத்து நுனிவரைக்கும் இழுத்துக்கொண்டு போனாள். அம்மா புங்குடுதீவுக்காரி. நல்லதண்ணிக் கிணற்றுக்குக் குடத்தோடு வெள்ளாப்பில் நடந்து வளர்ந்தவர். ஒன்ராறியோவில் 2,50,000 ஏரிகளுக்கு மேல் உண்டு என்று நான் எத்தனை தரம் சொன்னாலும் அவருக்கு அது ரீவிக் கதை மாதிரித்தான். மெல்லக் குந்தி, ஒரு கை அள்ளி, வாயில் வைத்தார்.

"அம்மம்மா குடிக்காதேங்கோ! பீவர் காய்ச்சல் வரும்!" என்று கத்தினாள் மகள். பீவர் என்ற விலங்கு வாழும் தண்ணீரில் கிருமி இருக்குமாம், காம்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. "உப்பே இல்லை" என்றார் என்னைப் பார்த்து. "இவ்வளவு நல்லதண்ணியும் சும்மா கிடக்கு."

திரும்பி வரும்போது மகள் கரகரத்த குரலில் பாடிக்கொண்டே வந்தாள். அர்த்தம் என்ன என்று அம்மா கேட்டார். "ஒரு அர்த்தமும் இல்லை அம்மம்மா, சும்மா பாட்டு" என்றாள். மடியில் ஒரு வெறும் சோடாப் போத்தலை அம்மா இறுக்கிப் பிடித்திருந்தார், தேத்தண்ணிச் சாய நிறத்தில் அந்த ஏரித் தண்ணீர். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுமுன் யன்னலடிக்குப் போய் அதைக் கறிவேப்பிலைச் சாடிக்கு ஊற்றினார்.