நிபந்தனையை விழுங்கிவிட்டுத் தேற்றம் என்கிறார்கள்

காரைக்குடியில் மாலை வேளைகளில் இளங்கலை மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, பருவத்தேர்வு நெருங்கும்போதெல்லாம் இரத்தக்கொதிப்பை ஏற்றுவதற்கென்றே ஜெராக்ஸ் கடைகளில் ஒரு குறிப்புக் கட்டு விற்பனைக்கு வந்துவிடுகிறது. அதில் ரோலின் தேற்றம் இப்படி இருக்கிறது: "இரு முனைகளிலும் சார்பின் மதிப்பு சமமானால் வகைக்கெழு பூச்சியம்." எந்தச் சார்பு, எந்த இடைவெளி, வகைக்கெழு என்னும் மாறுவீதம் எந்தப் புள்ளியில் பூச்சியம் என்று ஒரு சொல் கிடையாது. எங்கள் பக்கத்து நகரத்தார் திருமணங்களில் இசைகுடிமானம் என்னும் திருமணப் பதிவை எழுதும்போது எந்த ஊர், யார் வீட்டு மகன், யார் வீட்டு மகள் என்பதை விட்டுவிட்டு "திருமணம் நடந்தது" என்று மட்டும் எழுதினால் பெரியவர்கள் சும்மா இருப்பார்களா?

அந்த வாசகம் அரைகுறை என்பதோடு நிற்கவில்லை, அது பொய். −1 முதல் 1 வரை எக்ஸின் மட்டு மதிப்பை எடுத்துக்கொண்டால் இரு முனைகளிலும் மதிப்பு 1தான். ஆனால் நடுப்புள்ளிக்கு இடப்புறம் வகைக்கெழு −1, வலப்புறம் 1, நடுவில் வகைக்கெழுவே இல்லை. மூடிய இடைவெளியில் தொடர்ச்சி, திறந்த இடைவெளியில் வகையிடத்தக்க தன்மை, உள்ளே குறைந்தது ஒரு புள்ளி என்று எழுதுவதற்கு இன்னும் ஒரு வரி செலவாகும், அவ்வளவுதான்.

பகா எண்ணுக்கும் இதே கதிதான். "1 ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்" என்று எழுதி, 1ஐயும் பகா எண்ணாக்கிவிட்டு, அடுத்த பக்கத்திலேயே பகாக் காரணிப்படுத்துதல் ஒரே வழியில்தான் அமையும் என்று கூசாமல் சொல்கிறார்கள். 1 பகா எண்ணானால் 6ஐ 2×3 என்றும் 1×2×3 என்றும் எழுதலாமே, அது எப்படி ஒரே வழி?

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்க வைப்பது தொடர்ச்சியின் வரையறை. புள்ளியை முதலில் நிறுத்தி, பிறகு சார்பின் மதிப்பு எவ்வளவு விலகலாம் என்ற எப்சிலானைக் கொடுத்து, அவ்விரண்டையும் பார்த்து, புள்ளியிலிருந்து எவ்வளவு நகரலாம் என்ற டெல்டாவைத் தேர்ந்தால் அது தொடர்ச்சி. எப்சிலானை மட்டும் பார்த்து டெல்டாவைத் தேர்ந்து, அதே டெல்டா எல்லாப் புள்ளிகளுக்கும் பொருந்த வேண்டும் என்றால் அது சீரான தொடர்ச்சி. மெய்யெண் கோடு முழுவதிலும் எக்ஸ் வர்க்கம் முதலாவதில் தேறும், இரண்டாவதில் தோற்கும். குறிப்புக் கட்டிலோ "எல்லாப் புள்ளிகளுக்கும்" என்பது வாக்கியத்தின் வாலில் தொங்குகிறது. அது எதைச் சேர்ந்தது என்பதைப் படிப்பவன் சோழி போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

"புரிந்தால் போதாதா சார், இவ்வளவு நுணுக்கம் எதற்கு?" என்று கேட்கிறார்கள். தொடர்ச்சியான சார்புகளைக் கூட்டிக்கொண்டே போய் ஒரு மதிப்பை நெருங்கினால் (ஒருங்கினால்), அந்தத் தொடரின் கூட்டுத்தொகையும் தொடர்ச்சியானதே என்று பிரெஞ்சுக் கணித மேதை கோஷியே 1821இல் எழுதினார். 1826இல் நார்வே நாட்டுக் கணிதர் ஏபெல் அதற்கு விதிவிலக்கு காட்டினார். ஒருங்குதல் சீரானதாக, அதாவது எல்லாப் புள்ளிகளுக்கும் பொதுவானதாக, இருக்க வேண்டும் என்ற நிபந்தனை தெளிவாகப் பிடிபட 1840களின் இறுதி ஆயிற்று. கோஷிக்கே அந்தக் கதி என்றால், நிபந்தனைகளைத் தெரிந்தே வெட்டுகிறவர்களை என்ன சொல்வது?

அண்மையில் உள்மதிப்பீட்டுத் தேர்வில் என் மாணவி ஒருத்தி ரோலின் தேற்றத்தை எல்லா நிபந்தனைகளோடும் எழுதினாள். விடைத்தாளில் "தேவையற்ற விரிவு" என்று சிவப்பு மையில் எழுதி அரை மதிப்பெண்ணைக் குறைத்திருந்தார்கள். கட்டில் இருந்ததை அப்படியே எழுதிய பக்கத்து இருக்கைப் பையனுக்கு முழு மதிப்பெண்.