"அது அவங்க சாய்ஸ்" என்று சொல்கிற பெண்களிடம்

"இப்பல்லாம் ஆபீஸ்ல யாருங்க ஆம்பள பொம்பளன்னு பாக்கறாங்க, திறமை இருந்தா மேல வரலாம்." ஆண்கள் இப்படிச் சொன்னால் பதில் சொல்லிப் பழகிவிட்டது. பெண்களே சொல்லும்போதுதான் ஆற்றாமையாக இருக்கிறது. அதுவும் இருபது வருஷம் ஐடியில் முட்டி மோதி மேலே வந்தவர்கள், மகளிர் தின மேடையில் மைக்கைப் பிடித்து, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் "நான் என்னைப் பெண்ணா நினைச்சு வேலை பார்த்ததே இல்ல" என்கிறார்கள். அவர்கள் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இதைக் கேட்டு வளரும் பெண்ணுக்கு நாளைக்கு ஒரு அநியாயம் நடந்தால், அதை அநியாயம் என்று சொல்லவே வாய் வராது. தனக்குத்தான் திறமை போதவில்லை என்று நினைத்துக்கொள்வாள்.

என் டீமில் நடந்தது இது. பிரசவ விடுப்பு முடிந்து வந்த பெண், போவதற்கு முன்பு கிளையண்ட்டோடு நேரடியாகப் பேசி வேலை வாங்கிக்கொண்டிருந்தவள். திரும்பி வந்ததும் சப்போர்ட் வேலையில் போட்டுவிட்டார்கள். "கைக்குழந்தைக்காரி, பாவம், நைட் கால் எல்லாம் வேண்டாம்" என்று நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள், ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்புறம் அப்ரைசல் வந்தது. பாதி வருஷம் ஆளே இல்லை, மீதியில் பெரிதாக எதுவும் செய்யவில்லை என்று ரேட்டிங்கைக் குறைத்தார்கள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "அது அவங்க சாய்ஸ்" என்று பேச்சை முடித்து வைத்தது ஒரு பெண் மேனேஜர். அதே வருஷம் அப்பாவான ஒருவருக்கு ப்ரமோஷன், ஒரு நைட் கால்கூட விடவில்லையாம். அவர் கால் பேசும்போது குழந்தையை யார் தூக்கி வைத்திருந்தார்கள் என்று அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை.

சாய்ஸ் என்றால் அது அந்த அப்பாவுக்கும் இருந்திருக்க வேண்டும் இல்லையா? 2017 சட்டத் திருத்தத்தால் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு கிடைத்தது, பெரிய விஷயம்தான். ஆனால் எங்களைப் போன்ற ஐடி வேலைகளில் பெரும்பாலும் அந்தச் சம்பளம் முழுக்க முதலாளி தலையில். தனியார் வேலையில் இருக்கும் அப்பாவுக்கோ சட்டப்படி ஒரு நாள்கூடக் கிடையாது. சரி, இன்டர்வியூவில் "குழந்தை ப்ளான் இருக்கா" என்று யாரைக் கேட்பார்கள்? மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்கு 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். இதைத் தனித்தனியாக ஒவ்வொருத்தியும் விரும்பி எடுத்துக்கொண்டது என்றா சொல்வீர்கள்?

திறமை பற்றிப் பேசுகிறவர்கள் முத்தம்மாவை நினைத்துப் பார்க்கலாம். இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண், சென்னையில் படித்தவர். கல்யாணம் செய்தால் ராஜினாமா செய்வேன் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் அவரைச் சேர்த்தார்கள். பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது, பெண் என்பதால்தான் மறுக்கிறீர்கள் என்று உச்ச நீதிமன்றத்துக்கே போனார். வழக்கு நடக்கும்போதே அவசரமாகப் பதவி உயர்வு கொடுத்தார்கள். இருந்தாலும் 1979 தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ணய்யர், பெண்களுக்கு எதிரான அந்தப் பணி விதிகளைக் கடுமையாகச் சாடி, அவற்றைச் சீர்செய்யச் சொன்னார். அத்தனை திறமை இருந்தவர், நடந்ததற்குப் பாகுபாடு என்றே பெயர் சொன்னார்.

மேனேஜர் நாற்காலியில் இருக்கும் அக்காக்களே, விடுப்பில் போனவளுக்கு, வேலை பார்த்த மாதங்களை மட்டும் வைத்து ரேட்டிங் போடச் சொல்லுங்கள். திரும்பி வருகிறவளிடம் எந்த வேலை வேண்டும் என்று கேட்டுக் கொடுங்கள். நான் சொன்னால் சலுகை கேட்கிறாள் என்று தள்ளிவிடுகிறார்கள், நீங்கள் சொன்னால் அந்த அறையில் எடுபடும்.