பினாங்குக்கு வரும் சொந்தங்களே, வீட்டில் இருக்கும் அம்மாவையும் காடியில் ஏற்றிக்கொள்ளுங்கள்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பினாங்குத் தமிழ் வீடுகளில் முதலில் சூடு பிடிப்பது அடுப்படிதான். கிள்ளானிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ சொந்தங்கள் வருகிறோம் என்று போன் போட்ட அன்றே அம்மாக்கள் மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நண்டு, இறால், நாட்டுக்கோழி, பிள்ளைகளுக்கு மைலோ, மாமாவுக்குச் சீனி போடாத கோப்பி. தன் அறையை ஒழித்து விருந்தாளிகளுக்குக் கொடுத்துவிட்டு ஹாலில் பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறார்கள். வந்தவர்கள் காலையில் பசியாறிவிட்டு ஊர் சுற்றப் போகிறார்கள். மத்தியான வெயிலுக்கு வீடு திரும்பிச் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள். சாயங்காலம் குளித்து உடை மாற்றிக்கொண்டு மறுபடியும் கிளம்புகிறார்கள். அம்மா எங்கேயும் போவதில்லை.

நான் பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவள். இப்போது ஆயர் ஈத்தாமில் அம்மாவோடு இருக்கிறேன். சொந்தங்கள் வரவேண்டும், வீடு நிறையவேண்டும் என்று அம்மாவைவிட அதிகமாக ஆசைப்படுகிறவள் நான்தான். ஆனால் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருப்பதை இந்த முறை விடுமுறைக்கு முன்பே சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன். சொந்தக்காரர் வீட்டில் தங்கி விடுமுறையைக் கழிக்கிறோம் என்றால் அந்த வீட்டில் இருப்பவருக்கும் அது விடுமுறையாக இருக்கவேண்டும். அம்மா என்று எழுதுகிறேனே தவிர, உங்கள் வீட்டில் அது பெரியம்மாவாக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம், கல்யாணமாகி வந்த அண்ணியாகவும் இருக்கலாம்.

எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் கொடிமலை, அதாவது பினாங்கு ஹில், தெரியும். அந்த மலைக்கு அம்மா கடைசியாகப் போனது பழைய ரயிலில். அந்தப் பழைய பாதை 1923-இல் ஓடத் தொடங்கியது. நேராக உச்சிக்குப் போகாது, நடு ஸ்டேஷனில் இறங்கி இன்னொரு பெட்டிக்கு மாறவேண்டும். மேலே போய்ச் சேர அரை மணி நேரம் ஆகும். 2011-இல் புது ரயில் வந்தது. குளிர்சாதனப் பெட்டி, இடையில் மாற வேண்டியதில்லை, பத்து நிமிடத்தில் ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்துக்குப் போய்விடலாம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தங்கிய எத்தனையோ சொந்தங்கள் அதில் ஏறி, மேலிருந்து படம் எடுத்து, இரவுச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் காட்டியிருக்கிறார்கள். அம்மாவும் கைத்தொலைபேசியைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்துவிட்டு, "முருகன் கோயிலுக்குப் போனீங்களா?" என்று கேட்பார். மலை உச்சியில் அருளொளி திருமுருகன் ஆலயம் இருக்கிறது. பாதிப் பேர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

அம்மா உடன் போயிருந்தால் கவனித்திருப்பார்கள். என் வாதத்தின் இன்னொரு பாதி இதுதான். வீட்டில் இருப்பவரை அழைத்துப் போவது அவருக்குச் செய்யும் உபகாரம் என்று நினைக்காதீர்கள். ஊரைக் காட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவரை அடுப்படியில் விட்டுவிட்டுப் போனால் உங்களுக்குக் கிடைப்பது இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கிற பினாங்கு.

ஜார்ஜ் டவுனை எடுத்துக்கொள்வோம். 2008-இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்ற நகரம். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் ஓடுவது லெபோ ஆர்மீனியனில் சைக்கிள் ஓட்டும் இரண்டு பிள்ளைகளின் சுவரோவியத்துக்கு. எர்னஸ்ட் சக்கரேவிச் 2012-இல் வரைந்தது. அழகான ஓவியம்தான், அதன் முன்னால் படம் எடுப்பதில் தப்பே இல்லை. ஆனால் அந்தப் பக்கத்துத் தெருக்களின் கதவுகளுக்குப் பின்னால் தமிழ்க் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தன என்பது எந்த ஓவியத்திலும் இல்லை. எங்கள் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். லெபோ குவீனுக்குப் பக்கத்தில் ஒரு கடைவீட்டின் மாடியில்தான் அம்மா பிறந்து வளர்ந்தார், நானும் அங்கேதான் தவழ்ந்தேன். 1948-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பாதுகாப்பாக இருந்தவரை அந்த வாழ்க்கை ஓடியது. 2000 பிறந்தபோது அந்தப் பாதுகாப்பு முடிந்தது. வாடகை ஏறியது. நகரத்து நடுவிலிருந்த குடும்பங்கள் ஆயர் ஈத்தாமுக்கும் பாயா தெருபோங்குக்கும் அடுக்குமாடிகளுக்கும் கிளம்பின. நாங்களும்தான். எட்டு வருடம் கழித்து யுனெஸ்கோ வந்தது. இன்று அதே மாதிரிக் கடைவீடுகளில் தங்கும் விடுதிகளும் கோப்பிக் கடைகளும் நடக்கின்றன.

அம்மாவோடு அந்தத் தெருவில் நடந்தால் இதெல்லாம் தானாக வரும். எந்தக் குழாயடியில் சண்டை நடந்தது, தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் பினாங்குத் தெருவின் கோயில் வீட்டிலிருந்து கிளம்பும்போது எந்தப் படிக்கட்டில் ஏறி நின்று பார்ப்பார்கள், சூலியா தெருவின் நாகூர் தர்காவில் தன் அம்மா என்ன நேர்ந்துகொண்டார் என்று சொல்லிக்கொண்டே வருவார். 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் அவருக்குச் சுற்றுலா இடம் இல்லை, தன் கல்யாணம் நடந்த இடம். காப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பாங்குச் சத்தம்தான் அந்த வீட்டுக்கு விடிகாலைக் கடிகாரம். ஒரு முறை கிள்ளானிலிருந்து வந்த சின்னம்மா பேரப் பிள்ளைகளை அம்மாவோடு இரண்டு தெரு நடக்க வைத்தேன். கையிலிருந்த கைத்தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே வந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தங்கள் கொள்ளுத்தாத்தா மூட்டை தூக்கியவர் என்பதே அன்றுதான் தெரியும்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். பினாங்குக்கு வந்து மூன்று வேளையும் வீட்டில் சமைக்க வைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. இது தெருவிலேயே சாப்பிட்டு வளர்ந்த ஊர். நாசி கண்டார் பிறந்ததே அப்படித்தான். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் கம்பு போட்டு, ஒரு பக்கம் சோறும் மறு பக்கம் கறியுமாகத் தொங்கவிட்டு, துறைமுகத்து உழைப்பாளிகளிடம் விற்றுக்கொண்டு போனார்கள். எங்கள் தாத்தா சாப்பிட்டது அந்தச் சோறுதான். லாக்சா, பசெம்போர், மீ கோரேங், பினாங்கு ரோட்டுப் பக்கத்துச் சந்தில் நின்றுகொண்டே குடிக்கும் செண்டோல், லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சோறு என்று இத்தனை இருக்க, மத்தியானம் ஒரு மணிக்கு அம்மாவை மீன் பொரிக்கச் சொல்லி உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியம் என்ன?

அம்மா கைச்சாப்பாட்டுக்காகத்தானே வருகிறோம் என்று சொல்வீர்கள். அது உண்மை. சமைத்துப் போடுவதில் அம்மாவுக்கு ஒரு நிறைவு இருப்பதும் உண்மை. அவர் வைக்கும் நண்டுக் குழம்பை யாராவது இரண்டாம் முறை கேட்டு வாங்கிவிட்டால் அவர் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். அதைப் பறிக்கச் சொல்லவில்லை. ஒரு வேளை அவர் சமைக்கட்டும், நன்றாகவே சமைக்கட்டும். அந்த ஒரு வேளைக்கும் இறால் உரிக்கவும் வெங்காயம் நறுக்கவும் வந்தவர்கள் உட்காரட்டும், ஆண்களும் உட்காரட்டும். மற்ற வேளைகளில் அவரை ஒரு கடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, "என்ன சாப்பிடுறீங்க பெரியம்மா?" என்று கேளுங்கள். அவரிடம் யாரும் அப்படிக் கேட்டு எத்தனை காலம் ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை என்றால் சைவக் கடையாகப் பார்த்துப் போங்கள். லிட்டில் இந்தியாவில் அதற்குப் பஞ்சமே இல்லை.

கூப்பிட்டால் வரமாட்டார்கள் என்பது நான் அடிக்கடி கேட்கும் பதில். ஆமாம், முதல் தடவை வரமாட்டார்கள். "எனக்கு வேலை கெடக்கு, நீங்க போயிட்டு வாங்கய்யா" என்பார்கள். அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டு காடியைக் கிளப்பிவிடக் கூடாது. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். முட்டி வலி இருக்கும். தான் மெதுவாக நடந்தால் மற்றவர்களுக்குத் தாமதமாகுமே என்ற தயக்கம் இருக்கும். போகிற இடத்தில் கழிவறை எங்கே என்ற கவலை இருக்கும், இதை வெளியே சொல்லக் கூச்சம். காடியில் இடம் போதாது என்பதை அவரே கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார். ஆகவே கூப்பிடுகிற விதத்தை மாற்றுங்கள். முதல் நாள் இரவே, "நாளைக்கு எட்டு மணிக்கு நீங்களும் வர்றீங்க, சமையல் இல்ல, கிராப் ஒன்னு கூட எடுத்திருக்கோம்" என்று சொல்லிப் பாருங்கள். சேலையை எடுத்து வைத்துவிட்டுத்தான் படுப்பார்.

இடத்தையும் அவருக்கு ஏற்றபடி தேர்ந்தெடுக்கலாம். தண்ணீர்மலையில் மேலே இருக்கும் பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. முட்டி ஒத்துழைக்காதவரை அடிவாரத்தில் தனியே உட்கார வைத்துவிட்டு எல்லோரும் ஏறிப்போவது நல்லதல்ல. அதே சாலையில் தரைமட்டத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயில் இருக்கிறது, நிழலும் அமைதியுமாக இருக்கும். பிள்ளைகள் படியேறட்டும், ஒருவர் அவரோடு அங்கே இருக்கட்டும். பக்கத்திலேயே 1884-இல் அமைத்த தாவரவியல் பூங்கா, நுழைவுக் கட்டணம் கிடையாது. காலை ஏழு மணிக்குப் போனால் குளுகுளுவென்று நடக்கலாம். குரங்குகள் நிறைய உண்டு, சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் தொங்கவிடாமல் இருந்தால் போதும்.

சாயங்காலத்துக்கு ஃபெரி. காடியோடு ஏறிப்போன பழைய இரட்டை மாடிக் கப்பல்கள் 2020 கடைசியோடு நின்றுபோயின. 2023 ஆகஸ்டிலிருந்து புதிய கப்பல்கள் ஓடுகின்றன, ஆட்களும் இருசக்கர வண்டிகளும் மட்டும்தான். எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த் போய், ஒரு தே தாரேக் குடித்துவிட்டு, அடுத்த கப்பலில் திரும்பிவிடலாம். ஏற வேண்டிய படி இல்லை, வெயில் இல்லை, வரிசை இல்லை, காற்று முகத்தில் அடிக்கும். 1985-இல் பாலம் திறப்பதற்கு முன்னால் காடியோடு தீவுக்கு வர இது ஒன்றுதான் வழி என்பதைப் பிள்ளைகளுக்கு அம்மா சொல்லட்டும்.

ஒரு நாளில் கெக் லோக் சி புத்தர் கோயில், கொடிமலை, சுவரோவியம், கொம்தார் கோபுரம், பத்து ஃபெரிங்கி இரவுச் சந்தை எல்லாவற்றையும் அடைத்துவைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும்போது வந்ததைவிடக் களைத்துப் போகிறார்கள். காலையில் ஒரு இடம், சாயங்காலம் ஒரு இடம் போதும். நடுவில் மழை பெய்தால் பெய்யட்டும். ஹாலில் எல்லோரும் படுத்துக்கிடந்து, பழைய ஆல்பத்தைப் பார்த்துக்கொண்டு, யாருடைய கல்யாணத்தில் யார் கோபித்துக்கொண்டு போனார்கள் என்று பேசிச் சிரிப்பதும் விடுமுறைதான். சொல்லப்போனால் சொந்தக்காரர் வீட்டில் மட்டுமே கிடைக்கிற விடுமுறை அதுதான்.

காசு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், சங்கடமாக இருந்தாலும். பள்ளி விடுமுறையில் இந்தத் தீவில் ஹோட்டல் அறை என்ன விலை போகிறது என்று வருகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். சொந்த வீட்டில் தங்குவதால் அது மிச்சமாகிறது. அந்த மிச்சத்தில் ஒரு பங்கை அந்த வீட்டுக்காகச் செலவழியுங்கள். கையில் பணமாகக் கொடுத்தால் அம்மாக்கள் வாங்கமாட்டார்கள், மனமும் நோகும். ஒரு இரவு பத்து ஃபெரிங்கியில் அறை எடுத்து அம்மாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். மறுநாள் காலையில் யாரோ சமைத்து வைத்த பசியாறலை யாரோ எடுத்துவந்து வைக்க, கடலைப் பார்த்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கட்டும். போனதடவை சிங்கப்பூர் மாமா இப்படிச் செய்தார். அம்மா தட்டுகளைத் தானே கழுவப் போய்விடுவாரோ என்று நினைத்தேன். இல்லை, இரண்டு கோப்பி வாங்கிக் குடித்தார், வெயில் ஏறும் வரை எழுந்திருக்கவே இல்லை.

கோலாலம்பூர்க்காரர்களுக்கும் இது பொருந்தும். நாங்கள் அங்கே வந்து தங்கும்போது செந்தூலில் இருக்கும் அத்தையை விட்டுவிட்டு பத்துமலையும் இரட்டைக் கோபுரமும் பார்க்கப் போவதில்லை என்று எங்கள் வீட்டில் முடிவு செய்திருக்கிறோம்.

இந்த விடுமுறைக்குச் சின்னம்மா குடும்பம் வருகிறது. கொடிமலைக்குப் போக நாள் குறித்தாகிவிட்டது, அம்மாவும் வருகிறார். போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள், பெரியவர்களின் அடையாள அட்டையை (மைகார்டு) மறக்காதீர்கள், மூத்தவர்களுக்குக் கட்டணம் குறைவு. விடுமுறை நாளில் பத்து மணிக்குப் போனால் வரிசையிலேயே கால் ஓய்ந்துவிடும், அதிகாலையில் போய்விடுங்கள். மேலே குளிரும், ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்து ஃபெரிங்கி பக்கம் வெள்ளிக்கிழமை சைவம் சாப்பிட, முட்டி வலிக்காரர் படி ஏறாமல் உட்கார, நல்ல கடை தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். அம்மாவுக்குத் தோசை மொறுமொறுவென்று இருக்கவேண்டும்.