போர் நடந்தாலும் கணக்கு வேண்டும்

போர் முடியும்வரை உக்ரைன் தலைநகர் கீவின் மாநகராட்சியிடம் ஒப்பந்தக் கணக்கு கேட்க வேண்டாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. 2023 டிசம்பரில் சுரங்கத்தில் நீர் கசிந்து, மெட்ரோ நீல வழித்தடத்தில் தெமீவ்ஸ்கா முதல் தெரெம்கி வரை 6 நிலையங்களுக்கு ரயில் நின்றது. அது ஏவுகணை செய்த சேதமல்ல. நகரின் தெற்கே இருந்தவர்கள் அந்த இடத்தைத் தாண்ட ஏறக்குறைய ஒன்பது மாதம் பஸ்ஸில் நசுங்கினார்கள், பாவம். அதற்குச் சற்று முன்புதான், நடைபாதைக் கல்லுக்குச் செலவழிக்காமல் ராணுவத்துக்குக் கொடுங்கள் என்று மக்கள் மாநகராட்சி வாசலில் கூடிக் கேட்டார்கள். அவர்கள் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம். உக்ரைனின் இன்னொரு பெருநகரான கார்கிவும் குண்டு விழும் ஊர்தான். அங்கே 2022 மே மாதம் மெட்ரோ திரும்ப ஓடியபோது கட்டணமே வாங்கவில்லை; அப்புறம் நிலையங்களுக்குள்ளேயே பிள்ளைகளுக்கு வகுப்பறையும் கட்டினார்கள். ராணுவ ரகசியம் இருந்தால் மறைக்கட்டும், சரி. சுரங்கப் பழுதுபார்ப்பு யாருக்கு, எவ்வளவுக்குப் போனது என்பதில் என்ன ரகசியம்?