அலையாத்தி இலையின் இரண்டு நிறங்கள்

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டை ஓவியமாக்குவது பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில், காடு முழுவதும் ஒரே பச்சையாக இருப்பதால் வரைவோருக்குச் சலிப்பு தட்டும் என்று எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அலையாத்தி இலையின் மேற்புறம் பளபளக்கும் கரும்பச்சை. திருப்பினால் சாம்பல் பூத்த வெளிர்நிறமும், மரம் தானே வெளியேற்றிய உப்பு, நாவில் வைத்தால் கரிக்கும் அளவுக்குப் படிந்திருப்பதும் தெரியும். நீர்வண்ணம் தீட்டும் நான், காற்று வீசுகையில் இலைகள் புரண்டு காடே வெளிறுவதைக் கோரையாற்றுப் படகில் அமர்ந்து பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருமுறைகூட அது தாளில் சரியாக வந்ததில்லை. சேற்றில் பென்சில் முனைகளைப் போல நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்களுக்கோ கரித்துண்டே போதும். 2018 நவம்பரில் கஜா புயல் முறித்துப்போட்ட மரங்களையும் வரைந்தேன். அவற்றைச் சுவரில் மாட்டத்தான் இன்றுவரை மனம் வரவில்லை.