டோக்கன் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம்

ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லாமல், இருமுகிற குழந்தையோடு ஒரு அம்மா டோக்கன் வாங்கிக் காத்திருந்தாரே, நேற்றிலிருந்து எல்லோரும் அந்த வீடியோவைத்தான் பகிர்கிறீர்கள். டாக்டர் ஏன் சீட்டில் இல்லை என்று அத்தனை பேரும் கேட்டுவிட்டீர்கள். அந்த அம்மா டோக்கனோடு உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க, குழந்தையின் சட்டையை ஒருவர்கூடத் தூக்கிப் பார்க்கவில்லையே, அதை ஏன் யாரும் கேட்கவில்லை?

இருமலோடு வரும் குழந்தைக்கு மூச்சை எண்ண வேண்டும். வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து, கடிகாரத்தை வைத்து, முழு ஒரு நிமிடம். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. எண்ணிக்கை இதைத் தொட்டாலே வேக மூச்சு. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதீர்கள், கைக்குழந்தையின் மூச்சு ஒரே சீராக இருக்காது. அழும்போது எண்ணினால் கணக்கு தப்பும். தூங்குகிறதென்றால் எழுப்புவதற்கு முன்பே எண்ணிவிடுங்கள். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா, பால் குடிக்க முடியவில்லையா, எல்லாவற்றையும் வாந்தி எடுக்கிறதா, வலிப்பு வந்ததா, துவண்டு கிடக்கிறதா? ஒன்று இருந்தாலும் வரிசை கிடையாது, நேரே உள்ளே.

"இத்தனை கூட்டத்தில், இருக்கிற இரண்டு நர்ஸ் எங்கே எண்ணுவது?" என்பீர்கள். ஆள் போதாதுதான், மறுக்கவில்லை. ஆனால் கூட்டம் முழுக்க இருமுகிற குழந்தைகள் இல்லையே. அவர்களை மட்டும் தனி பெஞ்சில் உட்கார வையுங்கள். "விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்க ஆக்சிமீட்டர் இருக்கிறதே" என்கிறவர்களே, பெரியவர்களுக்கான கிளிப் பிஞ்சு விரலில் நிற்காது. வழுக்கும், தப்பாகக் காட்டும். குழந்தைகளுக்கான ப்ரோப், அதாவது பிஞ்சு விரலுக்கு ஏற்றது, வாங்கி வைத்துவிட்டுப் பேசுங்கள். அப்போதும் எண்ணத்தான் வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 1990களிலேயே வகுத்துக் கொடுத்த முறை இது. டாக்டர் வரும்வரை காத்திருக்காமல் நர்ஸே செய்யக்கூடியது.

எனக்கு ஆறாதது வேறு. "ஏம்மா இவ்வளவு லேட்டா தூக்கிட்டு வந்தே?" என்று அந்த அம்மாவையே திட்டினார்களே, அதுதான். எப்போது தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நாம் யாருக்குச் சொல்லி அனுப்புகிறோம்? இருமலுக்கு மட்டுமில்லை, பேதிக்கும் இதே கதைதான். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கொடுக்கிறோம். அந்தப் பெரிய பாக்கெட் 1 லிட்டர் தண்ணீருக்கு என்று சொல்வதில்லை. வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் மொத்தத்தையும் கொட்டிக் கலக்குகிறார்கள். உப்புக் கரிக்கிறது, குழந்தை துப்புகிறது. அவ்வளவு உப்பு உள்ளே போவதும் ஆபத்து. ஜிங்க் மாத்திரையை, பேதி நின்றாலும் 14 நாள் கொடுக்கச் சொல்லி, அதை அந்தத் தாய் வாயாலேயே ஒருமுறை திருப்பிச் சொல்லவைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

சொல்லிக் கொடுக்காத நமக்கு, லேட் என்று திட்ட என்ன உரிமை இருக்கிறது? அங்கே வாங்கின திட்டு போதாதென்று கமெண்டிலும் அந்த அம்மாவைத் திட்டுகிறீர்கள். அதையாவது நிறுத்துங்கள்.